பச்சைப் புள்ளி: 'இருப்பு' குறித்துச் சில குறிப்புகள்

'இருப்பு' என்கிற சொல் நமது சிறுபத்திரிகைகளுக்குள் இருத்தலியலின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. மனித இருப்பு, இருப்பின் அபத்தம், இருப்பின் வாதை என்று ஒரு தலைமுறையே எழுதித் தீர்த்துவிட்டது. மளிகைக் கடைக்காரருக்கு இதே சொல் வேறொன்றைக் குறிக்கும். கையிருப்பு, சரக்கிருப்பு, 'துவரம்பருப்பு இருக்கா, தீர்ந்துபோச்சா' என்கிற கணக்கு அது. அலுவலகக் கணினித் திரையில் என் பெயருக்கு ஓரத்தில் நாள் முழுக்க எரிந்துகொண்டிருக்கும் பச்சைப் புள்ளி தெரிவிப்பது இந்த இரண்டாவது இருப்பைத்தான். சரக்கு இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். அதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல அதனிடம் எதுவும் இல்லை.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறவள் நான். சினிமாவை, விளம்பரத்தை, திருமணச் சடங்கைப் பிரதியாக எடுத்துக்கொண்டு கட்டுடைக்கக் கற்றுக்கொடுத்தவை இதுபோன்ற பத்திரிகைகளே. ஆனால் நாளொன்றுக்குப் பதினாலு மணி நேரம் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிற கருவிகள் என்று வரும்போது நமது விமர்சனம் இரண்டே சுருதியில்தான் பேசுகிறது. ஒன்று, தொழில்நுட்பம் மனிதனை அடிமையாக்கிவிட்டது என்கிற புலம்பல். இன்னொன்று, இணையம் எல்லோருக்கும் குரல் கொடுத்துவிட்டது என்கிற கொண்டாட்டம். இரண்டுமே கருவியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அது எப்படி வேலை செய்கிறது, எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று கேட்பதில்லை. இங்கே நான் எடுத்துக்கொள்வது அந்த ஒற்றைப் புள்ளியை மட்டும்தான்.

முதலில் அதன் இயக்கம். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்ற அலுவலக அரட்டைக் கருவிகளில், விசைப்பலகையோ மவுஸோ சுமார் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் பச்சை மஞ்சளாகிவிடும். 'ஆள் இல்லை' என்று அர்த்தம். ஒரு சிக்கலான நிரலைப் பற்றிக் காகிதத்தில் கோடு கிழித்து இருபது நிமிடம் யோசித்தால் நான் மஞ்சள். அதே இருபது நிமிடம் புடவைக் கடைப் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தால் பச்சை. அதாவது இந்தப் புள்ளிக்கு உழைப்பைத் தெரியாது. தொடுதலை மட்டும்தான் தெரியும். சிந்தனை என்பது அதன் கணக்கில் ஆளில்லாத நேரம். அறிவுழைப்பு, அறிவுப் பொருளாதாரம் என்றெல்லாம் பெருமை பேசிக்கொள்கிற ஒரு தொழில், தன் உழைப்பாளிகளை அளக்கத் தேர்ந்துகொண்ட அலகு விரல் அசைவு என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

"நேத்து மூணுலேர்ந்து மூணே முக்கால் வரைக்கும் யெல்லோவா இருந்தீங்களே, எனிதிங் ராங்?" என்று ஒரு மேலாளர் என்னிடம் கேட்டார். குரலில் கடுமை இல்லை. உண்மையான அக்கறை மாதிரிகூட இருந்தது. வேலை முடிந்ததா என்று அவர் கேட்கவில்லை. அது முந்தின நாளே முடிந்திருந்தது. நான் ஏன் மஞ்சளாக இருந்தேன் என்பதுதான் கேள்வி. ஒரு நிறத்துக்கு நான் விளக்கம் தர வேண்டியிருந்தது. தந்தேன்.

இந்தப் புள்ளிக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. அதைப் பின்னோக்கித் தேடிப் போனால் கொஞ்சம் ஆச்சரியமான இடத்தில் போய் நிற்போம். ஸ்டான்ஃபோர்டின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் 1971ல் லெஸ் எர்னஸ்ட் என்பவர் 'ஃபிங்கர்' என்றொரு சிறு நிரலை எழுதினார். ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுக்கொண்ட காலம். இப்போது யார் உள்ளே இருக்கிறார்கள், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார்கள் என்பதை அது சொல்லும். இருப்பவர்களின் பட்டியலில் ஆட்கள் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். ஆக, 'ஐடில் டைம்' என்கிற சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு புதிதல்ல. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. ஆனால் ஃபிங்கரோடு கூடவே இன்னொன்றும் வந்தது. 'ப்ளான்' என்கிற ஒரு கோப்பு. நீங்கள் ஏன் இல்லை, எப்போது வருவீர்கள், எங்கே பிடிக்கலாம் என்பதை உங்கள் வார்த்தையில் நீங்களே அதில் எழுதி வைக்கலாம். யாராவது உங்களைத் தேடினால் கணினி அந்தக் கோப்பைக் காட்டும். இதை ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிண்டல் எழுதினார்கள், அரசியல் பேசினார்கள், அன்றைய மனநிலையைக் கொட்டினார்கள். வராததற்குக் காரணம் சொல்ல ஏற்படுத்திய இடம் ஒரு எழுத்து வடிவமாகவே ஆகிவிட்டது.

இந்த இரட்டைத்தன்மை முக்கியம். ஒரு பக்கம் இயந்திரம் என்னைப் பற்றிச் சொல்வது, இன்னொரு பக்கம் என்னைப் பற்றி நானே சொல்வது. அடுத்த முப்பது வருடத்து வரலாறு இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான். 1996ல் மிராபிலிஸ் என்கிற இஸ்ரேலிய நிறுவனத்தின் இளைஞர்கள் ஐசிக்யூவைக் கொண்டுவந்தார்கள். அதில் 'இருக்கிறேன்', 'இல்லை', 'வேலையாக இருக்கிறேன்', 'தொந்தரவு செய்யாதே', 'கண்ணுக்குத் தெரியாமல்' என்று பல நிலைகள். தேர்ந்தெடுப்பது நாம். நமது ஊர்ப் ப்ரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த தலைமுறைக்கு யாஹூ மெசஞ்சர் ஞாபகம் இருக்கும். அதில் ஒரு குறிப்பிட்ட நபருக்கு மட்டும் நிரந்தரமாக 'ஆள் இல்லை' என்று காட்டிக்கொள்ள வழி இருந்தது. எனது அண்ணன் தன் நண்பர்களுக்கெல்லாம் இருந்தான், எங்கள் சித்தப்பாவுக்கு மட்டும் இல்லை. நான் கல்லூரியில் படித்தபோது கூகுள் டாக். பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதலாம். 'மழை', 'லேப் ரெக்கார்ட் ஒழிக', 'பசிக்குது யாராவது பரோட்டா' என்று தங்கிலீஷில் எழுதித் தள்ளுவோம். காதல் முறிந்தால் அந்த வரியில்தான் முதலில் தெரியும். அந்த ஒற்றை வரியைப் பார்த்தே யார் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். இந்த மெசஞ்சர்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. யாஹூ 2018ல், கூகுள் டாக் 2022ல், ஐசிக்யூ 2024ல். இரங்கல் எழுதியவர்கள் பலரும் நட்பை, இளமையை நினைத்துக்கொண்டார்கள். அந்த வரியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

வாட்ஸ்அப்பின் கதை இன்னும் பொருத்தம். 2009ல் ஜேன் கோம் அதை ஆரம்பித்தபோது அது செய்தி அனுப்பும் கருவியே அல்ல. தொலைபேசியில் உள்ள பெயர்களுக்குப் பக்கத்தில் 'ஜிம்மில் இருக்கிறேன்', 'பேட்டரி தீரப்போகிறது', 'பேசிக்கொண்டிருக்கிறேன்' என்று அவரவர் நிலையை எழுதிவைப்பதற்கான கருவி. செய்தி அனுப்புவது பிறகு வந்தது. ஒட்டுக்கேட்கும் அரசு பற்றிய நினைவோடு சோவியத் உக்ரைனில் வளர்ந்தவர் கோம் என்பதும் பதிவாகியிருக்கிற விஷயம். 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் அதை 1900 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் நீல நிற இரட்டைக் குறி வந்தது: நீ படித்துவிட்டாய் என்பதை உன்னைக் கேட்காமலேயே அனுப்பியவருக்குச் சொல்லிவிடும். 2017 பிப்ரவரியில் அந்தப் பழைய எழுத்து வரியை எடுத்துவிட்டு, 24 மணி நேரத்தில் மறையும் படங்களை அந்த இடத்தில் வைத்தார்கள். ஜனங்கள் சத்தம் போட்டதால் சில வாரங்களில் வரி திரும்பி வந்தது. வந்து என்ன, ஒரு மூலையில் கிடக்கிறது. முதன்முதலாக இருந்த ஒரே விஷயம் அதுதான் என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அலுவலகக் கருவிகளிலும் ஒரு வரி எழுத இடம் இருக்கத்தான் செய்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை யாரும் படிப்பதில்லை. நிறத்தைத்தான் படிக்கிறார்கள். 'காகிதத்தில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று நான் எழுதி வைத்திருந்தாலும் அந்த மேலாளர் மஞ்சளைப் பற்றித்தான் கேட்டிருப்பார். வார்த்தை பொய் சொல்லும், நிறம் பொய் சொல்லாது என்பது அங்கே எழுதாத விதி.

பொய் என்று சொன்னேன். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கடன்காரன் வாசலில் நிற்கிறான், உள்ளேயிருந்து அப்பா பிள்ளையை அனுப்புகிறார். "அப்பா வீட்ல இல்லேன்னு அப்பா சொல்லச் சொன்னாரு" என்கிறது பிள்ளை. நாமெல்லாம் சிரித்த பழைய ஜோக். இந்த ஜோக்கை வறுமையின் ஏமாற்று என்று வாசிப்பது மேல்சாதி நடுத்தர வர்க்க அறவியல். 'வீட்டில் இல்லை' என்று சொல்ல முடிவது, கொடுக்க எதுவும் இல்லாதவனிடம் மிச்சமிருக்கிற ஒரு சின்ன உரிமை. கடன்காரனுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் "சரி, வந்தா சொல்லு" என்று திரும்பிப் போகிறான். இருவருக்கும் முகம் தப்பிக்கிறது. ஒருவன் இன்னொருவனின் வார்த்தையை வார்த்தையாக ஏற்றுக்கொண்டு போவது என்கிற நாகரிகம் அதற்குள் இருக்கிறது. புள்ளி அந்தப் பிள்ளையை வாசலிலிருந்து அப்புறப்படுத்திவிட்டுக் கதவைக் கண்ணாடியாக மாற்றியிருக்கிறது.

கண்ணாடிக் கதவு என்றதும் பூக்கோவை நினைத்திருப்பீர்கள். 1975ல் வந்த அவரது நூல் வழியாகப் பெந்தாமின் கண்காணிப்புச் சிறை நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் நமது கட்டுரைகளில் அது சிறையாகவே நின்றுவிட்டது. அந்தக் கட்டிட யோசனை முதலில் சிறைக்காக உதிக்கவில்லை. ஜெரமி பெந்தாமின் தம்பி சாமுவேல், ருஷ்யாவில் பொட்டெம்கின் பிரபுவின் கிரிச்செவ் எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது, தொழிலாளர்களைக் கண்காணிப்பதற்காக யோசித்தது அது. அங்கே போயிருந்த அண்ணன் 1787ல் கடிதங்களாக அதை எழுதி, 1791ல் அச்சிட்டார். பட்டறைதான் முதலில், சிறை பிறகு. இதை விட்டுவிட்டுப் படித்தால் கண்காணிப்பு என்பது ஏதோ அரசின் குணம் மாதிரியும், கம்பெனி அதைக் கடன் வாங்கிக்கொண்ட மாதிரியும் ஒரு மயக்கம் வந்துவிடும்.

அதோடு, புள்ளிக்கும் அந்தக் கோபுரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெந்தாமின் கட்டிடத்தில் அடைபட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடியாது. நடுவில் இருப்பவனுக்கு மட்டும்தான் எல்லோரும் தெரிவார்கள். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரிகிறது. என் மேலாளரின் புள்ளியை நானும் பார்க்கிறேன். இதை ஜனநாயகம் என்று நினைத்துவிடக் கூடாது. இரவு 11 மணிக்கு அவர் பச்சையாக இருப்பது எனக்குத் தெரிகிறது என்பதே எனக்கான உத்தரவு. அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலிக்காரி பச்சையாக இருக்கும்போது நான் மட்டும் எப்படி எழுந்து போவது? கோபுரத்துக்கு ஆள் வைக்கிற செலவு மிச்சம். போட்டியாளர்களாக்கப்பட்ட சக தொழிலாளிகள் சம்பளமில்லாமலேயே அந்த வேலையைப் பார்த்துவிடுகிறார்கள்.

2020ல் மைக்ரோசாஃப்ட் ஒருபடி மேலே போய், ஒவ்வொரு ஊழியரும் எத்தனை மின்னஞ்சல் அனுப்பினார், எத்தனை நாள் எந்தக் கருவியைத் தொட்டார் என்று பெயரோடு நிறுவனத்துக்குக் காட்டும் 'உற்பத்தித்திறன் மதிப்பெண்' ஒன்றைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவிலிருந்து தரவு உரிமை ஆய்வாளர்கள் எழுப்பிய எதிர்ப்பில், டிசம்பர் முதல் தேதியே பெயர்களை நீக்குவதாக அறிவித்தது. எதிர்த்தால் நடக்கும் என்பதற்கு இது சான்று. எதிர்ப்பு எங்கிருந்து வந்தது, லட்சக்கணக்கில் மென்பொருள் ஊழியர்கள் இருக்கிற நமது ஊரிலிருந்து ஏன் ஒரு முனகல்கூட வரவில்லை என்பது வேறு கேள்வி.

பெண்களுக்கு இது அலுவலகத்தோடு முடிகிற சங்கதியும் அல்ல. வாட்ஸ்அப்பில் 'கடைசியாகப் பார்த்தது' என்றொரு நேரம் காட்டுகிறதே, அதைச் சுற்றி நடக்கிற குடும்ப நாடகங்களை யாராவது தொகுத்தால் சமகாலத் தமிழ்க் குடும்பம் பற்றிய நல்ல ஆவணமாக இருக்கும். "ராத்திரி பன்னெண்டே முக்காலுக்கு ஆன்லைன்ல இருந்தியே, யார்கூட?" இது நிச்சயம் செய்யப்பட்ட மாப்பிள்ளை. "ஆன்லைன்ல இருக்கே, அம்மாவுக்கு ஒரு போன் பண்ண முடியலையா?" இது அம்மா. "அண்ணி, ப்ளூ டிக் வந்துடுச்சு, பதிலே காணோம்?" இது நாத்தனார். நான் இருந்த பெருங்குடி விடுதியில் ஏழு பேரில் நாலு பேருக்கு அந்த நேரத்தை மறைத்துவைக்கும் தைரியம் இல்லை. மறைத்தால், மறைத்ததே குற்றம்: "எதுக்கு மறைக்கிறே? மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" கருவியிலேயே ஒரு நிபந்தனை வேறு. உன் நீலக் குறியை நிறுத்தினால் பிறருடையதும் உனக்குத் தெரியாது. உன் நேரத்தை மறைத்தால் அடுத்தவர் நேரமும் தெரியாது. கேட்பதற்கு நியாயம் மாதிரி இருக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல், பார்க்கிறவனும் பார்க்கப்படுகிறவளும் சமம் என்று பாவனை செய்துகொண்டால்தான் நியாயம். அவனுடைய நள்ளிரவை யாரும் கேட்கப் போவதில்லை. அவளுடையதுக்கு விசாரணை உண்டு. 'இணைப்பில்' என்று காட்டுவதையே மறைத்துக்கொள்ள 2022ல் வழி கொடுத்தார்கள். பொத்தான் வந்துவிட்டது. அதை அமுக்குகிற அதிகாரம் எந்த வீட்டில் எந்த மருமகளுக்கு இருக்கிறது?

எதிர்ப்பே இல்லையா என்றால், இருக்கிறது. மவுஸ் ஜிகிளர் என்று ஒரு சின்ன சாமான் விற்கிறார்கள். மவுஸை அதன்மேல் வைத்துவிட்டால் லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கும். புள்ளி பச்சையாகவே இருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மேசை மின்விசிறியில் நூலைக் கட்டி அதையே சாதித்தார். ஜேம்ஸ் ஸ்காட் 1985ல் மலேசிய நெல் விவசாயிகளை வைத்து எழுதிய 'எளியோரின் ஆயுதங்கள்' வகையறா எதிர்ப்பு இது: மெத்தனம், போக்குக்காட்டல், தெரியாத மாதிரி நடித்தல். அந்த மின்விசிறிக்காரர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தொடுதலைத்தானே எண்ணுகிறாய், இந்தா தொடுதல் என்று அந்தக் கருவியின் முட்டாள்தனத்தை அதன் மொழியிலேயே அவர் திருப்பிக் கொடுக்கிறார். என்றாலும் இதைக் கொண்டாட்டமாக்குவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 2024ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை அசைவைப் போலியாகக் காட்டினார்கள் என்று ஒரு டஜனுக்கு மேற்பட்ட ஊழியர்களை வெளியேற்றியது. வேலையைச் செய்யவில்லை என்று சொல்வதற்கு முன்னால், வேலை செய்கிற மாதிரிக் காட்டினார்கள் என்பது குற்றப்பத்திரிகையில் ஏறிவிட்டது. அன்றாடம் கூட்டங்களில் தலையாட்டுகிற அத்தனை பேரும் செய்வது அதைத்தானே! தனித்தனியாக ஏமாற்றினால் தனித்தனியாக மாட்டிக்கொள்வோம் என்பதுதான் ஸ்காட்டின் விவசாயிக்கும் நமக்கும் உள்ள தூரம். அவனுக்கு ஊர் முழுக்கக் கண்ணை மூடிக்கொள்ளும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் கண் திறந்தே இருக்கிறது.

பெரம்பூரில் பின்னி ஆலைக்காரர்களின் குறைகளிலிருந்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிற்சங்கம் உருவானபோது, மதியச் சாப்பாட்டுக்குக் கிடைத்த இடைவேளை போதவில்லை என்பது முதலில் பேசப்பட்டவற்றில் ஒன்று. உழைப்பு நேரத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லையை நகர்த்தலாம் என்பது இந்த நகரத்துக்கு நூறு வருடப் பழக்கம். ஆலைச் சங்கு கொடூரமானதுதான். இருட்டோடு எழுப்பி வரிசையில் நிறுத்தியது. ஆனால் அதே சங்குதான் சாயங்காலம் ஊதி, 'போ' என்றும் சொன்னது. சங்கு ஊதின பிறகு மேஸ்திரி கூப்பிட்டால் அது அத்துமீறல் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். புள்ளிக்குச் சாயங்காலம் இல்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்று நாளில் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். நல்லது. அந்த வாரம் முழுக்க எங்கள் அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏன் என்று யோசித்தால், பன்னிரண்டு மணி நேரம் என்பது எங்களுக்குச் செய்தியே அல்ல. 2023ல் நாராயணமூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 என்றது வெளியே வந்தது. அதற்கு மட்டும் மீம் போட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் அப்போது பச்சையாகத்தான் இருந்தார்கள்.

பிரான்சில் 2017 ஜனவரி முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இங்கே 2018 இறுதியில் சுப்ரியா சுலே மக்களவையில் அதை ஒரு தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. இந்தக் கோரிக்கையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் இதைக் குளிர்பதன அறைக்காரர்களின் கோரிக்கையாக மட்டும் வைத்தால் அது தோற்கும், தோற்கவும் வேண்டும். ஏனென்றால் புள்ளியின் கடுமையான வடிவம் எங்கள் திரையில் இல்லை.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து செயலி வழி வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒரு புகைப்படம், சில மணி நேரம் கழித்து இன்னொன்று. இடமும் நேரமும் அதில் பதிவாகும். அந்த வேலைக்குக் கூலி பல இடங்களில் வெட்டின மண்ணின் அளவைப் பொறுத்தது. விடியற்காலையில் வந்து, வெயில் ஏறுமுன் அளவை முடித்துவிட்டு, வீட்டு வேலைக்கோ ஆட்டுக்குத் தழை ஒடிக்கவோ போய்விடுவது பெண்களின் வழக்கம். இரண்டாவது புகைப்படம் அதை உடைத்தது. மண் வெட்டி முடிந்த பிறகும் படத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் செய்த வேலையும் செய்யாத வேலைதான். மண்ணளவு கண்ணுக்கு நேரே குழியாகக் கிடக்கிறது. நம்பப்படுவது அதுவல்ல, படம். 2023ல் தில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் போய் உட்கார்ந்தபோது கேட்டவற்றில் இந்தச் செயலியைக் கைவிடுவதும் ஒன்று. சண்டிகரிலும் நாக்பூரிலும் மாநகராட்சிகள் துப்புரவுத் தொழிலாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டின. யார் கையில் கட்டினார்கள் என்பதைச் சாதியைச் சொல்லாமல் சொல்ல முடியாது. மேயர் கையிலோ பொறியாளர் கையிலோ கட்டவில்லை. எனது மேலாளர் 'எனிதிங் ராங்?' என்று கேட்டார். அவர்களிடம் அப்படிக் கேட்க ஆள் கிடையாது. கூலிப் பட்டியலில்தான் கேள்வி வரும். இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம், எங்கள் சம்பளத்தைப் பார்த்தாலே தெரியும். எழுதினவன் ஒருவன்தான் என்று சொல்கிறேன். அந்த எழுத்து எங்கள் கையால் எழுதப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்: இந்தக் கருவிகளின் நிரல்களை எழுதுகிறவர்கள் எங்களைப் போன்றவர்களே.

எங்கள் அலுவலகக் கழிப்பறைக் கதவின் பின்னால் ஒரு அட்டை தொங்குகிறது. மணிக்கு ஒரு கையெழுத்து, சுத்தம் செய்த அம்மாளுடையது. அதுவும் ஒரு புள்ளிதான். மதியம் சாப்பாடு வரவழைக்கும்போது கைபேசியின் வரைபடத்தில் ஒரு வண்டிப் படம் நகர்ந்து வருகிறதே, அதுவும். "என்னடா இவன், ரெண்டு நிமிஷமா துரைப்பாக்கம் சிக்னல்லயே நிக்கிறான்" என்று சொல்கிறவளின் பெயருக்குப் பக்கத்தில் அதே நேரம் ஒரு பச்சை எரிந்துகொண்டிருக்கிறது.

இனி நமது விஷயம். இந்த இதழைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு இயக்கத்தின், சங்கத்தின், வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பீர்கள். தனி உரையாடலில் நீலக் குறியை நிறுத்தியவர்களுக்கும் குழுவில் விதிவிலக்குக் கிடையாது. யார் படித்தார், எத்தனை மணிக்குப் படித்தார் என்று அனுப்பியவர் பார்க்கலாம். கண்காணிப்புச் சமூகம் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசக்கூடிய தோழர்கள், இறங்கி வந்து "முப்பத்தி ரெண்டு பேர் படிச்சிருக்கீங்க, பதினோரு பேர்தான் வர்றேன்னு போட்டிருக்கீங்க, மத்தவங்க எங்கே?" என்று குழுவில் எழுதுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். படித்துவிட்டுப் பதில் போடாதவர் துரோகி என்பதுவரை போகும். வராதவர்களின் பட்டியலைப் பார்த்தால் அதில் பெரும்பாலும் பெண்கள், இரவு ஷிஃப்ட்காரர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள். அவர்கள் படித்தார்கள் என்பது கருவிக்குத் தெரிகிறது. எங்கே நின்று படித்தார்கள், யார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள் என்பது தெரியவில்லை.

நான் இருக்கிற மென்பொருள் ஊழியர் குழுவில் இதைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை வந்தது. அமைப்பு என்றால் கட்டுப்பாடு வேண்டாமா என்றார் ஒரு தோழர். வேண்டும்தான், ஆனால் எந்த மாதிரி என்று இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில் ஒப்புக்கொண்டது ரொம்பச் சின்ன விஷயம்: நீலக் குறியைப் பார்த்து யாரையும் கேள்வி கேட்பதில்லை. பதிலாக எல்லோரும் எழுதக்கூடிய ஒரு பொதுக் கோப்பு, அதில் ஆளுக்கு ஒரு வரி. வர முடியாதவர்கள் அவரவர் வார்த்தையில் எழுதி வைக்கலாம், காரணம் சொல்லாமலும் இருக்கலாம், எழுதினதை யாரும் சோதிப்பதில்லை. கோப்பைத் திறந்த அன்று ராத்திரியே முதல் வரி வந்தது. "மாமியார் பக்கத்துல இருக்காங்க. அப்புறம் வர்றேன்." அதற்குக் கீழே மின்விசிறிக்காரர் எழுதியிருந்தார்: "நான் ஊரில் இல்லை."